அந்தப் பக்கம் இறங்கிய தண்ணீர்

ஞானகுமாரி: மெதுவாடா... ஒடச்சி கிடச்சி வெச்சின்னா ராத்திரிக்கு உங்க மாமா எத மாட்டிகினு படுப்பாரு?

டேவிட்: இன்னும் தொடவே இல்லக்கா. பின்னாடி மூடியத்தான் கழட்டறேன்.

ஞானகுமாரி: மூடியக் கழட்டறது தொடறது இல்லியா? உன்ன வரச் சொன்னது, நாளைக்கு இந்த மூச்சு மெசினத் தூக்கிகினு டாக்டராண்ட போறியான்னு கேக்கறதுக்கு. நீ இன்னாடான்னா ஸ்க்ரூ டிரைவர எடுத்துகினு குந்திட்ட.

டேவிட்: போறதுக்கு முன்னாடி ஒரு தரம் அளந்து பாத்துட்லாமேன்னு...

ஞானகுமாரி: அளக்கறதுக்கு இது இன்னா பாலா, மண்ணெண்ணையா?

டேவிட்: காத்தயும் அளக்கலாங்க்கா. டாக்டரு மொத மொதல்ல வெச்சப்ப நானும் பக்கத்துல நின்னுகினு இருந்தேனே. கண்ணாடிக் கொழாயில தண்ணி ஏறுச்சே, நீ கூட பாத்தியே.

ஞானகுமாரி: அவரு டாக்டரு. நீ பகல்ல லேத்துப் பட்டற, சாயங்காலம் டிப்ளமா கிளாஸு. அதுவும் இன்னும் முடிக்கல.

டேவிட்: முடிக்கலதான்...

ஞானகுமாரி: டேய், ஒடனே மூஞ்சத் தொங்கப் போடாத. சும்மா சொன்னேன். எனக்கு பயம்டா. அவ்ளோதான்.

டேவிட்: மாமா எப்ப வருவாரு?

ஞானகுமாரி: முடி வெட்டிக்கப் போயிருக்காரு. ஞாயித்துக்கெழம, கூட்டமா இருக்கும். பெஞ்சில உக்காந்தா அங்கயே தூங்கிடுவாரு, முன்னாடி நாலு பேரு பூந்துடுவான்.

டேவிட்: ராத்திரி தூங்கறாரா இல்லியா?

ஞானகுமாரி: எங்க? மாட்டிக்கறாரு. ஒரு மணி நேரம். அப்றம் படக்குனு பிச்சி எறியறாரு. எறிஞ்ச ஒடனே பழைய கொறட்ட. பக்கத்து ஊட்டு நாகம்மா கேக்கறா, "இன்னாம்மா, உங்க ஊட்ல மறுபடியும் கிரைண்டர் ஓடுது"ன்னு.

டேவிட்: அவங்களுக்கு காது மட்டும் நல்லா கேக்குது.

ஞானகுமாரி: கொறட்ட கேட்டாக்கூட எனக்கு நிம்மதிடா. அது நிக்குது பாரு... அப்பதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். முப்பது வரிக்கும் போவுது. ஒரு நாளு நாப்பத்தி ரெண்டு. தோளப் புடிச்சி உலுக்கனேன். "ஹ்..."ன்னு இழுத்தாரு பாரு, கெணத்துக்குள்ளேர்ந்து மேல வந்த ஆளு மாதிரி.

டேவிட்: நாப்பத்தி ரெண்டா? அது எந்தத் தேதி?

ஞானகுமாரி: நோட்ட மூடு மொதல்ல! எதச் சொன்னாலும் எழுதிக்கறான்.

டேவிட்: எழுதி வெச்சாத்தான்க்கா எனக்கு எம்மேலயே நம்பிக்க வருது.

ஞானகுமாரி: எழுதிக்க, போ. இதயும் எழுதிக்க. காலைல எந்திரிச்சா வயிறு மத்தளம் மாதிரி கீது. ஏப்பம் ஏப்பமா உட்றாரு. காது அடைக்குதுன்றாரு. தட்டாண்ட உக்காந்தா கைல சோத்தோட தல சாயுது. இன்னிக்கு ஆராதனைல கூட...

டேவிட்: பிரசங்கத்துல தூங்காத மனுசன் யாருக்கா?

ஞானகுமாரி: பாட்டு பாடும்போது தூங்கறாருடா! நின்னுகினு! பாட்டுப் புஸ்தகம் கையிலேர்ந்து உழுது, முன் வரிசைல நின்ன பேபியக்கா திரும்பிப் பாக்குது. நான் குனிஞ்சி எடுத்துக் குடுத்தேன். கை ஜில்லுனு கீது. அந்தக் கையோட நாளைக்கு விடியறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸ எடுக்கணும். வெள்ளானூர்லேர்ந்து ஆள ஏத்திகினு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு. நாப்பத்தஞ்சி பேரு ஏறுன ஒடனே கண்ண மூடிப்பாங்களாம். டிரைவர் முழிச்சிகினு கீறாருன்னு நம்பித்தான?

டேவிட்: நீ மாமாவாண்ட கேக்கலியா?

ஞானகுமாரி: கேட்டா, "நல்லாத்தான கீறேன்"ன்றாரு. அதுக்கு மேல வாயத் தெறந்தா துண்ட எடுத்துகினு ஏரிக்கரைக்கு நடக்கப் போய்ட்றாரு.

டேவிட்: நடக்கறதுலாம் உடாம நடக்கறாரா?

ஞானகுமாரி: சக்கர கீதுன்னு சொன்ன நாள்லேர்ந்து ஒரு நாளு உடல. சோறும் கொறச்சாச்சி. பதினாலு கிலோ எறங்கிட்டாரு. பேன்ட்டெல்லாம் புடிச்சித் தெச்சிகீறேன். ஆளு எளச்சா தொண்டையில அடைக்கறதும் கொறையும், மெசின் காத்தும் கம்மியா போதும்னு டாக்டரே போன்ல சொன்னாரு இல்ல? "பன்னெண்டுல கீது, எட்டாக் கொறச்சித் தரேன், எடுத்தாங்க"ன்னாரு. மாமாவுக்கு லீவு கெடைக்கல, பிப்ரவரில நீதான் எடுத்துகினு போன.

டேவிட்: ம்.

ஞானகுமாரி: எட்டாக் கொறச்சிகினு வந்த. அன்னிலேர்ந்துதாண்டா இப்டி.

டேவிட்: அந்தத் துணியக் கொஞ்சம் எடுக்கா.

ஞானகுமாரி: இன்னா, பேச்ச மாத்தற?

டேவிட்: கேட்டுகினுதான்க்கா கீறேன்.

ஞானகுமாரி: எனக்கு இன்னா தோணுதுன்னா, எட்டு பத்தலடா. காத்து போற வேகம் பத்தாமத்தான் தொண்ட மறுபடியும் அடச்சிக்குது. நோவு ஏறிட்சி. பழையபடி பன்னெண்டு வெக்கச் சொல்லு. முடிஞ்சா பதினாலு.

டேவிட்: ஐயோ, வேணாங்க்கா. அளக்காம ஏத்தக் கூடாது.

ஞானகுமாரி: அது இன்னாடா பையில, பலகையா?

டேவிட்: நானே செஞ்சது. அப்பாவோட மட்டம் பாக்கற டியூப்புல கொஞ்சம் வெட்டிகினு, வளச்சி, பலகைல ஆணி அடிச்சிகீறேன். நடுவுல ஸ்கேலு. டியூப்புல பாதி தண்ணி. கண்ணுக்குத் தெரியணும்னு சொட்டு நீலம் ரெண்டு சொட்டு.

ஞானகுமாரி: அப்பா டியூப்ப வெட்டிட்டியா? தெரிஞ்சா உன் தோல உரிச்சிடுவாரு.

டேவிட்: நூம்பல்ல நடக்கற கட்டட வேலைக்கு அவரு புதுசு வாங்கிட்டாரு. இது பழசு. நீ இந்த மாஸ்க்கப் புடி. மூக்கு வர்ற எடத்த உள்ளங்கையால நல்லா மூடிக்க. ஓரத்துல சின்ன ஓட்ட கீது பாரு, அதுல டியூப்பு நுனியச் சொருகறேன்.

ஞானகுமாரி: எப்படா செஞ்ச இத?

டேவிட்: இப்பதான்... காலைல.

ஞானகுமாரி: காலைல செஞ்சதுலயா இவ்ளோ கற? டியூப்பு உள்ள நீலம் காஞ்சி போய் கீது.

டேவிட்: அது... முன்னாடி ஒரு தரம் சும்மா செஞ்சி பாத்தேன். கைய எடுக்காத. போடறேன்.

ஞானகுமாரி: யப்பா... கைய இன்னா தள்ளு தள்ளுது.

டேவிட்: ஏறுது... ஏறுது... எட்டு. நின்னுடுச்சி. எட்டுக்கா! ஸ்தோத்திரம். நான் பயந்தே போய்ட்டேன்.

ஞானகுமாரி: நீ எதுக்கு பயப்படற?

டேவிட்: காத்த ஏத்தி எறக்கற ஸ்க்ரூ நகந்துட்டு இருக்குமோன்னு. நகரல. டாக்டர் சொன்ன அதே எட்டு.

ஞானகுமாரி: அப்ப எட்டு பத்தலன்னுதான அர்த்தம்? நான் சொன்னதுதான்.

டேவிட்: இரு, இன்னொரு தரம் பாத்துட்றேன். நான் பாத்தா எதையாவது உட்டுடுவேன். ஆஃப் பண்ணிட்டேன். தண்ணி ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. இது பூஜ்ஜியம். சரியா? இப்ப போடறேன்... எட்டு. சந்தேகமே இல்ல.

ஞானகுமாரி: எங்க பாத்து எட்டுன்ற?

டேவிட்: இந்தப் பக்கம். பூஜ்ஜியத்துலேர்ந்து எட்டு சென்டிமீட்டர் மேல ஏறிக்கீது பாரு.

ஞானகுமாரி: அந்தப் பக்கம்?

டேவிட்: அது மாஸ்க்குலேர்ந்து காத்து வர்ற பக்கம்க்கா.

ஞானகுமாரி: அங்க தண்ணி எறங்கிக்கீதே.

டேவிட்: காத்து அமுக்குது, எறங்கத்தான் செய்யும். அங்க எறங்குனாத்தான இங்க ஏறும்.

ஞானகுமாரி: எவ்ளோ எறங்கிக்கீது?

டேவிட்: அதுவும் எட்டு...

ஞானகுமாரி: அப்ப அந்தத் தண்ணிக்கும் இந்தத் தண்ணிக்கும் நடுவுல எவ்ளோ தூரம்? கல்யாணத்துக்கு முன்னாடி அஞ்சி வருசம் அப்பாவுக்கு டியூப்பு புடிச்சவடா நான். அந்தக் கோடில நானு, இந்தக் கோடில அவரு. ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு அவரு எந்தச் செவுத்துலயும் கோடு போட்டது இல்ல. "நின்னுச்சா?"ன்னு கேப்பாரு, "நின்னுச்சிப்பா"ன்னு நான் சொல்லணும். டாக்டரு அன்னிக்கு எப்டி பாத்தாரு?

டேவிட்: மேல ஒரு வெரலு... கீழ ஒரு வெரலு வெச்சாரு. நான், கொழாயப் புடிச்சிக்கறாருன்னு நெனச்சேன்.

ஞானகுமாரி: அப்ப இது எட்டு இல்ல.

டேவிட்: இல்ல.

ஞானகுமாரி: சொல்லுடா. எவ்ளோ?

டேவிட்: பதினாறு.

ஞானகுமாரி: பதினாறா! பன்னெண்டக் கொறக்கறதுக்குப் பதிலு பதினாறா? அதான்டா வயிறு உப்புது. அதான் காது அடைக்குது. மூஞ்சில புயலடிச்சா எவன் தூங்குவான்? ஐயோ... நான் வேற, அவரு பிச்சி எறியறத எடுத்து எடுத்து மாட்டி உட்டேனே... "கம்முனு மாட்டிகினு படுங்க"ன்னு அதட்டி அதட்டி...

டேவிட்: அக்கா, நீ இன்னா பண்ணுவ...

ஞானகுமாரி: அந்த டாக்டருக்கு கண்ணு இல்லியா? போன்ல எட்டுன்னு சொல்லிட்டு கையால பதினாறு வெப்பாரா? நாளைக்கு நானே போறேன். நடு ஆஸ்பத்திரில நிக்க வெச்சிக் கேக்கறேன் பாரு...

டேவிட்: அக்கா. டாக்டரு வெக்கல.

ஞானகுமாரி: இன்னாது?

டேவிட்: அன்னிக்கு டாக்டரு இல்ல. வெளியூருக்குப் போய்ட்டாரு, வர ரெண்டு வாரம் ஆவும்னு நர்ஸம்மா சொன்னாங்க. அப்டியே திரும்பி வந்தா நீ அழுவ. நம்ம ஊட்டுக்கு எடுத்தாந்து, இந்தப் பலகைய செஞ்சி அளந்தேன். ஆறு காட்டுச்சி. பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஆறு. ஸ்க்ரூ தானா லூஸாயிட்ச்சின்னு நெனச்சேன். அதான் எட்டுக்கு... ஏத்தனேன்.

ஞானகுமாரி: கொறக்கச் சொன்னத ஏத்தன.

டேவிட்: அப்ப அது சரின்னு பட்டுச்சிக்கா. மூணு தரம் அளந்தேன். மூணு தரமும் அதே பக்கத்தப் பாத்துகீறேன்.

ஞானகுமாரி: தப்பு பண்ணது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்டேனே, "டாக்டரு இன்னாடா சொன்னாரு"ன்னு. நீ இன்னா சொன்ன?

டேவிட்: "எட்டு கரெக்ட்டு, இனிமே கவலப்பட வேணாம்"னு...

ஞானகுமாரி: வாயி கூசாம.

டேவிட்: நான் வெச்சேன்னு சொன்னா மாமா மாட்டிக்க மாட்டாருன்னு நெனச்சேன்.

ஞானகுமாரி: அதயும் எழுதி வெச்சிகீறியா உன் நோட்டுல?

டேவிட்: வெச்சிகீறேன்.

ஞானகுமாரி: படி.

டேவிட்: வேணாங்க்கா.

ஞானகுமாரி: படிடா.

டேவிட்: "இன்று அழுத்தத்தை எட்டாக வைத்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். டாக்டர் வைத்ததாக அக்காவிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளை உண்மையைச் சொல்லிவிட வேண்டும்."

ஞானகுமாரி: நாளை... எத்தினி நாளைடா போச்சி?

கிறிஸ்துதாஸ்: இன்னா மச்சான், என் யானைய அறுத்துப் போட்டு வெச்சிகீற? தும்பிக்க ஒரு பக்கம் கீது, வயிறு ஒரு பக்கம் கீது!

ஞானகுமாரி: வந்துட்டீங்களா...

கிறிஸ்துதாஸ்: வந்துட்டேன். பெஞ்சில கொஞ்சம் கண்ணசந்துட்டேன், அதான் லேட்டு. இன்னா, ரெண்டு பேரும் துக்க ஊட்ல இருக்கற மாதிரி கீறீங்க? முடி அவ்ளோ மோசமாவா வெட்டிட்டான்?

ஞானகுமாரி: டேவிட்டு. நீயே சொல்லு.

டேவிட்: மாமா... மெசின்ல காத்து எட்டு இல்ல மாமா. பதினாறு வருது. கொறக்கறதுக்குப் பதிலா ஏத்தி வெச்சிருக்கு.

கிறிஸ்துதாஸ்: பதினாறா? டாக்டரா அப்டி வெச்சாரு?

டேவிட்: டாக்டரு இல்ல. நான். அவரு ஊர்ல இல்ல, நானே திருப்பிட்டேன். அளந்தது தப்பு. அவரு வெச்சாருன்னு சொன்னது பொய்யி.

கிறிஸ்துதாஸ்: இரு, இரு. டாக்டரு இதுல கையே வெக்கலியா?

டேவிட்: வெக்கல மாமா.

கிறிஸ்துதாஸ்: பிப்ரவரிலேர்ந்து?

டேவிட்: பிப்ரவரிலேர்ந்து.

கிறிஸ்துதாஸ்: அப்ப... எனக்கு நோவு ஏறலியா?

டேவிட்: ஏறல மாமா. நான் ஏத்துனதுதான்.

ஞானகுமாரி: இன்னாங்க, அப்டியே குந்திட்டீங்க? திட்டுங்க அவன. ரெண்டு அற உடுங்க.

கிறிஸ்துதாஸ்: கொஞ்சம் தண்ணி குடு ஞானம்.

ஞானகுமாரி: இந்தாங்க.

கிறிஸ்துதாஸ்: இப்ப இத இன்னா பண்றது மச்சான்? இன்னிக்கு ராத்திரிக்கு?

டேவிட்: நான் இனிமே இதத் தொட மாட்டேன் மாமா. எங்கைய நம்பாதீங்க.

கிறிஸ்துதாஸ்: கெடுத்தவன் கைக்குத்தான் எங்க திருப்புனதுன்னு தெரியும். டாக்டரு கடைசியா வெச்ச பன்னெண்டுல கொண்ணாந்து நிறுத்து. அதுல நான் நல்லாத் தூங்குனேன். கம்மி பண்றத நாளைக்கு அவரு பாத்துக்கட்டும்.

ஞானகுமாரி: நான் அந்தப் பக்கம் பாக்கறேன். நீ இந்தப் பக்கம் பாரு. மாஸ்க்க அவரு புடிச்சிக்கட்டும்.

டேவிட்: திருப்பட்டுமாக்கா?

ஞானகுமாரி: திருப்பு.

டேவிட்: ஏழு... இங்க ஏழுல வந்துடுச்சி.

ஞானகுமாரி: இங்கயும் ஏழு. கீழ. இன்னும் கொஞ்சம்... மெதுவாடா... நிறுத்து. ஆறு.

டேவிட்: மேல ஆறு.

ஞானகுமாரி: நின்னுச்சா?

டேவிட்: நின்னுச்சிக்கா. ஆறும் ஆறும் பன்னெண்டு.

கிறிஸ்துதாஸ்: ஆங், இது! இந்தச் சத்தம்தான். கொசு மாதிரி ரீங்காரம். இத்தினி நாளா லாரி ஓடிகினு இருந்துச்சி மூக்குல.

ஞானகுமாரி: சிரிக்காதீங்க. நாளைக்கு நீங்களும் வர்றீங்க டாக்டராண்ட. லீவு போடுங்க.

கிறிஸ்துதாஸ்: லீவுலாம் எதுக்கு? ஷிஃப்ட்டு முடிச்சிட்டு சாயங்காலம் போலாம்.

ஞானகுமாரி: முடியாது. ஒன்ற மாசத் தூக்கம் பாக்கி கீது உங்க ஒடம்புல. ஒரு ராத்திரில தீந்துடுமா? நாளைக்கு நீங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாது.

கிறிஸ்துதாஸ்: அதுலாம் ஒண்ணும் ஆவாது ஞானம். நல்லாத்தான கீறேன்.

ஞானகுமாரி: இந்த வார்த்தைய இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க! காலைல நானே ஷெட்டுக்கு வரேன். மேனேஜராண்ட சொல்றேன், எம் புருசன் தூங்கி ரொம்ப நாளாச்சி, வண்டியக் குடுக்காதீங்கன்னு.

கிறிஸ்துதாஸ்: நீ ஷெட்டாண்ட வராத.

ஞானகுமாரி: ஏன் வரக் கூடாது?

கிறிஸ்துதாஸ்: வராதன்னா வராத.

ஞானகுமாரி: வேல போயிடும்னா? நாப்பத்தஞ்சி உசிரு பெருசா, வேல பெருசா?

டேவிட்: மாமா, உங்க கால்ல வேணா உழறேன். ஒரு நாளு மட்டும்... நாளைக்கு மட்டும் ஓட்டாதீங்க. எதாவது ஆயிட்ச்சின்னா என் கைதான் மாமா காரணம். நான் எப்டி மாமா தாங்குவேன்...

கிறிஸ்துதாஸ்: எந்திரி மச்சான். எந்திரின்றேன்ல? நாளைக்கு நான் எத ஓட்டறது? பஸ்ஸு சாவிய இன்னொரு டிரைவரு மணவாளன் கையில குடுத்து அஞ்சி வாரம் ஆவுது. கம்பெனி கேட்டாண்ட உக்காந்துகினு, போற வர்ற லாரி நம்பர எழுதிகினு கீறேன். இப்டிப் பாக்காத ஞானம்... உங்கிட்ட சொல்ல வாயி வரல. சாயங்கால டிரிப்புல பஸ்ஸ ஓட்டிகினு வரும்போது, ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட, ஒரு நிமிசம் கண்ணு மூடிட்ச்சி. தெறந்தா முன்னாடி ஸ்கூல் ரிக்‌ஷா, ஒரு முழம் தூரத்துல. பின்னாடி கம்பிய புடிச்சிகினு ஒரு பொண்ணு என்னயே பாத்துகினு கீது. யாரும் என்ன எறக்கல. நானேதான் எறங்கிட்டேன். டாக்டரே கை வெச்சும் இப்டின்னா, இந்த ஒடம்புக்கு இனிமே இவ்ளோதான்னு நெனச்சிட்டேன்டா மச்சான்.